சும்மா சுற்றுவதற்கு ஒரு மலை

வைஸ் சிட்டி ஆடியவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். 2003ல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த கேமை நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் பத்து வருஷத்துக்கு மேல் ஆடினார்கள். ஆடினார்கள் என்பதை விட, ஊர் சுற்றினார்கள் என்பதுதான் சரி. ஒரு பைக்கை எடுப்பது, கடற்கரை ரோட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டே போவது, சூரியன் மறையும்போது ஓரமாக நிறுத்தி வேடிக்கை பார்ப்பது. ஒரு மணி நேரம் முடிந்தால் கடைக்காரர் வந்து மானிட்டரைத் தட்டுவார். அவ்வளவுதான். யாரைச் சுடணும், எந்த மிஷன் பாக்கி, எல்லாம் இரண்டாம்பட்சம்.

இது ஏதோ நம்மூர் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். மைன்கிராஃப்ட்டில் கர்ட் ஜே. மேக் என்ற அமெரிக்கர் 2011 மார்ச்சில் மேற்குப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அந்தப் பழைய வெர்ஷனில் சுமார் 12,550 கிலோமீட்டர் தாண்டினால் நிலம் கோணல்மாணலாக உடைந்து கிடக்கும். அதைப் பார்க்கத்தான் நடை. போகிற வழியில் நோயுற்ற குழந்தைகளுக்காக நன்கொடையும் திரட்டினார். கம்பெனிக்காரர்களுக்கும் விஷயம் புரியாமல் இல்லை. 'அஸாஸின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்' கேமில் 2018ல் சண்டையே இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பழைய எகிப்தை அக்கடா என்று சுற்றிப் பார்க்கலாம்.

சரி, இராஜபாளையத்துக்கு வருவோம்.

பி.காம் படிக்கும் பையன் ஒருவன். வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் மேற்கே முழுக்க மலை. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற மலைதான். ஆனால் அவன் அதற்குள் போனது என்று சொன்னால், முடங்கியார் ரோடு வழியாக ஐயனார் கோயில் அருவி வரைக்கும்தான். தண்ணீர் கூடுதலாக வந்தால் அதற்கும் தடை போட்டுவிடுவார்கள். அங்கிருந்து மேலே நினைத்தபடி ஏற முடியாது. 1988ல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம் ஆன காடு, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதில் தப்பும் இல்லை. நாம் போகிற இடமெல்லாம் என்ன ஆகிறது என்று அருவிக்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் கவர்களைப் பார்த்தாலே தெரியும்.

ஆக, அவனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்பது ஒரு நீல நிறக் கோடு.

பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியம்மா பையன் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் நாலைந்து டிஸ்க்கையும் கொடுத்தான். அதில் ஒன்று 2017ல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி'. நாலாவது அத்தியாயத்தின் பெயரே 'வெஸ்டர்ன் காட்ஸ்'! குளோயி என்கிற பெண், கூட நடீன் என்கிற துணை, ஒரு ஜீப். சேறு, பாறை, அருவி, இடிந்த ஹொய்சாளர் கோயில்கள். மற்ற அத்தியாயங்களில் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். இங்கே மட்டும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டலாம். நல்ல காட்சி வரும் இடங்களில் குளோயி போனை எடுத்து போட்டோ கூட எடுப்பாள்.

சரித்திரம் என்று பார்த்தால் நிறையக் கோளாறு. நிஜ ஹளேபீடு ஹாசன் மாவட்டத்து மேட்டுநிலத்தில் இருக்கிறது, செங்குத்துப் பாறை நடுவிலே இல்லை. கலிபோர்னியாவில் உட்கார்ந்து வரைந்தவர்கள் கோயிலையும் மலையையும் கலந்து கட்டி அடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை... அதைக் குறை சொல்ல மனசு வராது.

பையன் மூன்று வாரமாக அந்த ஒரு அத்தியாயத்தை விட்டு நகரவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம் உண்டு. கூலி கொடுத்தும் வேலை நடக்காத நேரம். தவிர்க்க முடியாதது நார்மல், தவிர்த்திருக்கக் கூடியது அப்நார்மல். இரண்டாவதை நேராக லாப நஷ்டக் கணக்கில் எழுதிவிட வேண்டும். செமஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜீப் ஓட்டுவது எதில் சேரும் என்பதை வணிகவியல் மக்களே சொல்லுங்கள் :)

ஒரு நாள் அவன் அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து பின்னால் நின்று பார்த்தார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல். நின்றே பார்க்கிற வேலை என்பதால் முழங்கால் இரண்டும் போச்சு. இப்போது மாடிப்படி ஏறுவதே சிரமம்.

"டேய், மெதுவா போடா. என்ன அவசரம்?"

பையன் மெதுவாக ஓட்டினான்.

"அந்த ஆத்துல எறங்க முடியுமா?"

குளோயியை ஜீப்பிலிருந்து இறக்கித் தண்ணீருக்குள் நிறுத்தினான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சின்ன வயசில் பசங்களோடு நெல்லிக்காய் பொறுக்க மேலே போனது, இருட்டிய பிறகு வழி தெரியாமல் ஓடையைப் பிடித்தே இறங்கி வந்தது, வீட்டில் வாங்கிய அடி எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற பையனுக்கு இது ஒன்றுமே தெரியாது. மில், ஷிப்ட், சம்பளம், பீஸ் கட்ட வேண்டிய தேதி. அவர்கள் பேசிக்கொண்டது அதற்குள்தான்.

அம்மாதான் எட்டிப் பார்த்து, "தூங்குற நேரத்துல இது வேறயா? படிக்கிற பையனையும் கெடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் இருபது நிமிஷம் வழக்கமாகிவிட்டது. எதிரிகள் இருக்கும் பக்கம் போக அப்பா சம்மதிப்பதில்லை. "அவனுக பாட்டுக்கு இருக்கட்டும், நீ அருவிப் பக்கம் விடு" என்பார். இந்த கேமைச் செய்தவர்கள் துப்பாக்கிச் சண்டைக்கு எத்தனை நாள் உழைத்திருப்பார்களோ, பாவம்!

அப்பாவுக்கு ஒரே ஒரு புகார்தான் இருக்கிறது. ஓடை சரி, பாறை சரி, வெயில் இலைக்குள் விழுவதும் சரியாம். "ஆனா இவ்வளவு ஈரமான காட்டுல நடந்து வர்றா, அந்தப் பொண்ணு கால்ல ஒரு அட்டை கூட ஏறலையேடா?"