அடங்கிய மருந்து

வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டை எம்மூர். என் தாய்மாமன் அங்கொரு பட்டாசுச் சாலையில் மருந்து கலப்பவர். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் தனித்தனியே கிடக்குமட்டும் அஞ்சவேண்டா; கூடிய பின்னரே அச்சம் என்பார். அவரே என் தமக்கையை மணந்தவர். அவர்தம் ஆண்மகவு நான்காந் திங்களில் விடாக் காய்ச்சலுற்று, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிக் கிடந்தபோது, மருத்துவர் ஒருவர் தாளிற் படம் வரைந்து காட்டினார். இலக்கணம் பயிலும் எனக்கு அது விளங்க ஒரு திங்களாயிற்று.

நம் குருதியில் இயற்கைக் கொல்லணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் உலவுகின்றன. 1975-இல் ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தார் இப்பெயரிட்டனர். முன்பழக்கமின்றியே புற்றணுவையும் வைரஸ் புகுந்த அணுவையும் கொல்லுதலின் அப்பெயர். (காரணப்பெயர் என்று எம் ஆசிரியர் உடனே குறிக்கச் சொல்வார்.) இவை எதிர்ப்படும் உயிரணுக்களைத் தொட்டுப் பார்க்கும். நலமுள்ள அணு, இவ்வுடம்பிற்குரியேன் என்னும் அடையாளத்தை மேலே தாங்கி நிற்கும். அதனை உணர்ந்து கொல்லணு அடங்கிச் செல்லும். அடையாளம் குன்றி, இடர்க்குறியும் தோன்றின் விடாது. பகையைக் கண்டன்றி, உறவைக் காணாமையாற் கொல்லுதல் வியப்பன்றோ?

கொல்லும் முறையோ மாமாவின் தொழிலை ஒத்தது. கொல்லணுவினுள் சிறு பைகள் உள. அவற்றுள் பெர்ஃபோரின் என்னும் புரதமும் கிரான்சைம் என்னும் நொதிகளும் அடைபட்டிருக்கும். பையினுள் புளிப்பு மிகுதியாதலின் பெர்ஃபோரின் உறங்கும். பகையணுவோடு ஒட்டியவுடன் பைகள் அப்பக்கமே நகர்ந்து இடைவெளியில் திறக்கும். ஆண்டுப் புளிப்புக் குறைந்து கால்சியம் கூடுதலின் பெர்ஃபோரின் விழித்துப் பகையணுவின் சவ்வைத் துளைக்கும், கிரான்சைம் உட்புகும். பின்னர் வெடியில்லை, ஓசையில்லை. அவ்வணு தன்னைத்தானே அறுத்துச் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும். வேறு வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிவிடும்.

எங்கள் குழவிக்குப் பெர்ஃபோரின் செவ்வனே அமையவில்லை. அதன் மரபணுப் பழுதே இந்நோய்க்கு ஒரு காரணமென 1999-இல் அறியப்பட்டது. தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்திருந்து மகவிடத்து வெளிப்படும். உறவில் மணப்போர்க்கு இவ்விடர் மிகுதி. இதனைக் கேட்டபோது தமக்கை தலைகவிழ்ந்தாள். கொல்லணுவும், அதே மருந்தைக் கொண்ட டி-அணுவும் பகையை ஒட்டும், கொல்லமாட்டா. பிடியும் விடாமல் துணைவேண்டிக் கூவிக்கொண்டேயிருக்கும். அக்கூவலாலேயே காய்ச்சல் மூண்டு உடம்பை அழிக்கும்.

பிறர்தம் எலும்புமச்சையை ஏற்றுவதே தீர்வென்றனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அது நடைபெறுகின்றது. குடும்பத்தார் அனைவரையும் சோதித்ததில் என் குருதியே பொருந்தியது. பழுதின் ஒரு படி என்னிடத்தும் உளதாம். ஆயினும் கொடுக்கத் தடையில்லையாம்.

“மாப்பிள்ளை, படிப்புக் கெடுமே” என்றார் மாமா.

திங்கட்கிழமை வேலூருக்குப் புறப்படுகின்றோம். மாமா கலவை அறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டார்.