குண்டு கிராமம்



போன வாரம் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஷ்ரூஸ்பரி என்று ஒரு பழைய ஊர். செவர்ன் ஆறு ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. சார்லஸ் டார்வின் பிறந்த ஊர். அங்கே சதுக்கத்தின் நடுவே ஒரு வெண்கலச் சிலை. "சார், நம்ம ராபர்ட் கிளைவ்!" என்று எழுதியிருந்தார். 1860-ல் வைத்த சிலையாம். கிளைவ் அந்த ஊருக்கு மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்தவர். சிலையை எடுக்கச் சொல்லி 2020-ல் மனு கொடுத்தார்கள், கவுன்சில் மறுத்துவிட்டது.

அதன் கீழே இன்னொரு வரி: "குண்டு கிராமம் ஞாபகம் இருக்கா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு எட்டாம் வகுப்பில் பிளாசிப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து, "சார், எங்க பாட்டி எங்க ஊரைக் குண்டு கிராமம்னு சொல்றாங்க, ஏன் சார்?" என்று கேட்டார். நான், "உங்க ஊர்ல எல்லாரும் குண்டா இருப்பாங்களோ, உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் உட்கார்ந்தார். அந்த வருஷம் பூராவும் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயர்க்காரர்தான். கோட்டையோடு சேர்ந்த நிலம் எவ்வளவு? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளுமாகப் பார்த்துச் சுட்டார்கள். கடலூரும் சுற்றியிருந்த ஊர்களும் அந்த எல்லைக்குள் போயின. அவைதான் குண்டு கிராமங்கள். பாட்டி சொன்னது முந்நூறு வருஷத்துச் சரித்திரம். வாத்தியார் சொன்னது கேலி.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், கணக்கெழுதும் வேலைக்கு வந்திருந்த கிளைவ் மாறுவேஷத்தில் தப்பி வந்து சேர்ந்தது இந்தப் புனித டேவிட் கோட்டைக்குத்தான். பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்ததும் இங்கேதான். 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்கு இதுவே தலைமையிடம். பத்து வருஷம் கழித்து, 1756-ல், கோட்டைப் பொறுப்பேற்று மறுபடி வந்தார். இங்கிருந்து வங்காளம் போய்த்தான் அடுத்த வருஷம் பிளாசி. ஆக, நான் கரும்பலகையில் எழுதிய பாடத்தின் முன்கதை, பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கிடந்திருக்கிறது!

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். சில்வர் பீச்சுக்கு சுண்டல் தின்னப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நானே அப்படித்தான் போய் வந்தேன்.

ஓய்வுபெற்றுச் சிதம்பரம் வந்த பிறகு கோயில் மதிலைப் பார்க்கும்போதும் இதே நினைப்புதான். 1781 ஜூனில் இந்த மதிலுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்து முடியாமல் திரும்பினார். ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஜெயித்தார் என்பது வேறு. பாடத்தில் பரங்கிப்பேட்டை உண்டு. சிதம்பரத்தில் தோற்றதை நான் நடத்தியதே இல்லை.

தம்பி, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். போடவில்லை. ஆனால் அன்று சிரித்த வகுப்பில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன், அன்றைக்கு நான் செய்தது தப்பு. பாட்டி இப்போது இல்லை என்று எழுதியிருந்தாய். அவரிடம் வேறு என்னென்ன கேட்டிருக்கலாமோ!

பொங்கலுக்கு வருகிறாயல்லவா? தேவனாம்பட்டினத்திலிருந்து உங்கள் ஊர் வரை அந்தக் குண்டு வந்த வழியே நடந்து பார்ப்போம். முட்டி வலி இருக்கிறது, மெதுவாகத்தான் வருவேன்.