வீட்டு சர்வருக்கு வரும் விருந்தாளிகள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வீட்டிலேயே வெப்சைட் ஓட்டலாமா என்று மச்சினன் கேட்டான். ஓட்டலாம். ஆனால் ரவுட்டரில் வெளியிலிருந்து லாகின் பண்ணும் போர்ட் 22-ஐத் திறந்துவிட்டு லாக் ஃபைலைப் பாருடா என்றேன். ஊர்பேர் தெரியாத ஐபிக்களிலிருந்து ரூட், அட்மின், டெஸ்ட் என்று விடிய விடியத் தட்டுவார்கள். எல்லாம் பாட்கள்தான், நம்மேல் தனி விரோதமெல்லாம் கிடையாது.

உடைத்துவிட்டால் வெப்சைட்டோடு போகாது. அதே வைஃபையில்தானே ஆபீஸ் லேப்டாப், சிசிடிவி எல்லாம்? 2022 லாஸ்ட்பாஸ் திருட்டில் திருடர்கள் நுழைந்தது ஓர் என்ஜினியரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிளெக்ஸ் மீடியா சர்வர் வழியாக. அந்த ஓட்டைக்கு 2020-லேயே பேட்ச் வந்தாச்சு, மனுஷன் போடவில்லை. பாஸ்வேர்டைக் காக்கிற கம்பெனிக்கே இந்தக் கதி!

வெப்சைட் நமக்கு மட்டும் என்றால் வயர்கார்டு விபிஎன் போதும். ஊருக்கே காட்டணும்னா டேட்டா சென்டரில் விபிஎஸ் (விர்ச்சுவல் சர்வர்) வாடகைக்கு எடு. வீட்டில் கரண்ட் போனாலும் ஓடும்.