கிரீஸ் கறை எங்கே?



"படிச்சு என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் நம்ம குத்தம்பாக்கத்தில் பெரும்பாலும் நாலு பதில்தான் வரும். டீச்சர், நர்ஸ், போலீஸ், இல்லைன்னா கம்பெனி. ஏன் என்றால் நாம் நேரில் பார்த்தது அவர்களைத்தான். பார்க்காத வேலைக்கு எப்படி ஆசைப்படுவது?

இந்தக் குறையைத் தீர்க்க உதவுவதுதான் படம், ஒலி, கணினி எல்லாம் சேர்ந்த மல்டிமீடியா. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. மேற்படிப்பு, வேலை பற்றிய விவரங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கணினியில் கிடைத்தன. ஹைடெக் லேபில் ஒருநாள் வீடியோ பார்த்தபோதுதான், ஒரு பெண் லேத் மெஷின் ஓட்டுவதை முதன்முதலாகப் பார்த்தேன். சுற்றுகிற இரும்பிலிருந்து சீவல் சுருள் சுருளாக விழுந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் 3 வருட மெக்கானிக்கல் டிப்ளமோ சேர ஆசைப்பட்டேன்.

வீட்டில் ஒரே சண்டை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இரும்பு வேலை? பிளஸ் டூ முடிச்சு நர்ஸுக்குப் படி" என்று அம்மா சொன்னாங்க. நான் அந்த வீடியோவை செல்போனில் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "சட்டையில ஒரு கிரீஸ் கறைகூட இல்லையேடி. இது நெஜமா?" என்று கேட்டாங்க.

சரியான கேள்வி! வீடியோ வேலையைக் காட்டியது. அதன் அலுப்பைக் காட்டவில்லை. ஃபீஸ் எவ்வளவு, பூந்தமல்லியில் பஸ் மாறிப் போய்வர எவ்வளவு நேரம் என்பதும் அதில் இல்லை.

எங்க தெருவில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் அக்கா ஒருத்தர் இருக்காங்க. அவங்க சம்மதத்தோடு 6 நிமிடம் செல்போனில் பதிவு செய்தேன். "முதல் வருஷம் கணக்கு கஷ்டம். நின்னு நின்னு கால் வலிக்கும். ஆனா நான் செஞ்ச பார்ட் கரெக்டா பொருந்தினா அன்னைக்குப் பசியே தெரியாது. டிப்ளமோ முடிச்சா பி.இ. 2-ஆம் வருஷத்துல நேரா சேரலாம்" என்றாங்க. அம்மா அதை இரண்டு தடவை பார்த்தாங்க. இன்னும் சரி என்று சொல்லவில்லை. "அப்ளிகேஷன் குடுக்கட்டும், பார்ப்போம்" என்கிற வரை வந்திருக்காங்க.

நம்ம ஊர் இளங்கோ ஐயா கெமிக்கல் இன்ஜினியர். வேலையை விட்டு வந்து 1996-ல் ஊராட்சித் தலைவர் ஆனார். இப்படி ஒரு பாதையை எந்த வேலைப் பட்டியலில் தேடுவது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். வீடியோ பார்த்து ஆசைப்படுவோம். ஆளைப் பார்த்து விசாரிப்போம். எங்கள் வகுப்பில் 30 பேர் ஆளுக்கு 6 நிமிடம் பதிவு செய்தால் 3 மணி நேரம் ஆகிறது. எலக்ட்ரீஷியன், நர்ஸ், விவசாயி என்று நம்ம ஊர் ஆட்களே நமக்கு வழிகாட்டுவார்கள். அதைப் போட்டுக் காட்ட லேபில் வாரம் ஒரு பீரியட் தரும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



- 10-ஆம் வகுப்பு மாணவி