தேனுக்கு வரி உண்டா?

தேனீயின் உடலிலேயே வரி உண்டு. நம் பழம்புலவர்கள் ‘வரிவண்டு’ என்று பாடியது அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். ஆனால் நான் இங்கே எழுத வந்த வரி வேறு. அது அரசாங்கத்தின் வரி. பொழுதுபோக்காக நாலு பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர், தமக்கு மிஞ்சிய தேனை விற்றால் வரி கட்ட வேண்டுமா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. விடை தேடிப் போனபோதோ, அரசின் ஒரு கை அறிந்ததை மறு கை அறியவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்கரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகளும், திருவரங்கத் தீவில் ஒரு தென்னந்தோப்பில் ஆறு பெட்டிகளும் வைத்திருக்கிறார். வளர்ப்பது நம் நாட்டு அடுக்குத் தேனீ. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்கும்போது தேன் நன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இருக்காது. அப்போது சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். சற்று அசந்தால் மெழுகு அந்துப்பூச்சி அடையைத் தின்றுவிடும்; தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். தெருப் பிள்ளைகள் யாரையாவது கொட்டிவிட்டால் சமாதானத் தூது போவதும் மாமாவின் வேலைதான். அதற்கும் ஒரு பாட்டில் தேன் செலவு!

இத்தனை நாளும் அக்கம்பக்கத்தாரும் உறவினரும் வாங்கி வந்தார்கள். சென்ற ஆண்டு, மாமா ஒரு கடைக்காரரிடம் தேனைக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர் நாக்கில் தொட்டுப் பார்த்து, ‘நல்ல தேன்’ என்றார். பிறகு ‘உங்களுக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா?’ என்று கேட்டார். இல்லை என்றதும், ‘நம்பர் இல்லாத சரக்கை வாங்கினால் எனக்குத் தொல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து, ‘பாப்பா, நீதான் காலேஜ் படிக்கிறவ. நான் திருட்டுச் சரக்கா விக்கிறேன்? பாத்துச் சொல்லும்மா’ என்றார். பெட்டிகளைத் தோப்புக்காரருக்கே கொடுத்துவிடலாமா என்றும் அன்றிரவு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். மின்வாரியத்திலிருந்து வரும் தாளானாலும் சரி, வங்கியிலிருந்து வரும் தாளானாலும் சரி, என் கைக்குத்தான் வரும். விலங்கியல் படிக்கிற எனக்கு வரிச் சட்டம் என்ன தெரியும்? ஆனால் அதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே நூலகத்துக்குப் போனேன். வணிகவியல் படிக்கும் தோழியையும் பிடித்துக்கொண்டேன்.

முதலில் விற்பனை வரி. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம் நெடுங்காலம் நடந்தது. 2007-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி. அதில் தேனுக்கு ஒரு வேடிக்கையான நிலை. பீப்பாயிலிருந்து அளந்து, வாங்குபவர் கொண்டுவந்த பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தால் வரி கிடையாது. பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டி விற்றால் நூற்றுக்கு ஐந்து. தொடக்கத்தில், பதிவு செய்த வணிகப் பெயர் உள்ள பாட்டிலுக்கு மட்டும் இந்த ஐந்து சதவிகிதம் என்று இருந்தது. 2022 ஜூலை 18 முதல் முன்கூட்டியே அடைத்துச் சீட்டு ஒட்டிய எல்லாவற்றுக்கும் என்று ஆயிற்று.

ஆனால் இது யாருக்கு? ஆண்டுக்கு ரூ. 40 லட்சத்துக்கு மேல் சரக்கு விற்பவர்தான் தமிழ்நாட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்புவது போன்ற சில சங்கதிகளில் விதி வேறு. உள்ளூரில் விற்பவருக்கு இதுவே அளவு. மாமாவின் கணக்கைப் பார்ப்போம். எட்டுப் பெட்டி, பெட்டிக்குச் சராசரி ஆறு கிலோ, ஆக 48 கிலோ. கிலோ ரூ. 500 என்றால் ரூ. 24,000. இதே விலையில் 40 லட்சத்தைத் தொட வேண்டுமானால் 8,000 கிலோ தேன் வேண்டும். அதற்கு 1,333 பெட்டிகள். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப் போடவே இடம் போதவில்லை.

அப்படியானால் அந்தக் கடைக்காரர் சொன்ன தொல்லை என்ன? இதையும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மாமா ஒரு கிலோ பாட்டிலைக் கடைக்கு ரூ. 400-க்குக் கொடுக்கிறார். கடைக்காரர் அதை ரூ. 500 விலை, ரூ. 25 வரி என ரூ. 525-க்கு விற்கிறார். வரி ரூ. 25-ஐ அரசுக்குச் செலுத்துகிறார். கையில் நிற்பது ரூ. 100. இனி, பதிவு எண் உள்ள ஒருவரிடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரூ. 400 விலை, ரூ. 20 வரி என ரூ. 420 வாங்குவார். கடைக்காரர் அதே ரூ. 525-க்கு விற்று, தாம் வசூலித்த ரூ. 25-இல் ஏற்கெனவே கொடுத்த ரூ. 20-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ரூ. 5-ஐ அரசுக்குக் கட்டுவார். இப்போதும் கையில் நிற்பது அதே ரூ. 100! ஒரு காசு வேறுபாடு இல்லை. பதிவு இல்லாத சிறியவரிடம் தேன் வாங்கக்கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் செய்யவேண்டிய சிறு வணிகர் பதிவு வேறு. அது மாமாவிடம் இருக்கிறது. ஆகக் கடைக்காரர் சொன்னது சட்டமன்று, பழக்கம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரியே கட்டாதவர் என்று நாம் சொல்லும் மாமா உண்மையில் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கண்ணாடிப் பாட்டிலுக்கு 18 சதவிகிதம். பாட்டில் ரூ. 20 என்றால் வரி ரூ. 3.60. நாற்பத்தெட்டுப் பாட்டிலுக்கு ரூ. 172.80. மழைக்காலத்தில் பாகு காய்ச்ச வாங்கும் இருபது கிலோ சர்க்கரையில் ஏறத்தாழ ரூ. 43. பெரிய வணிகர் இதையெல்லாம் கழித்துக்கொள்வார். பதிவில்லாத மாமாவுக்குக் கழிக்க வழியில்லை. தொகை சிறியதுதான், ஆனால் ‘வரி கட்டாமல் ஏய்க்கிறவர்’ என்ற பேச்சுக்கு இதுவே போதிய பதில் என்பது என் எண்ணம்.

நிற்க. வருமான வரிக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

தோழியின் வருமான வரிப் பாடநூலில் ‘விவசாய வருமானம் அல்லாதவை’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பால் பண்ணை, கோழிப் பண்ணை, கல் குவாரி, தானே வளர்ந்த காட்டு மரங்கள் ஆகியவற்றோடு தேனீ வளர்ப்பும் அதில் நிற்கிறது! நம் நாட்டில் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போடுவதில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்துக்குத் தந்த இலக்கணம் நிலத்தை ஒட்டியது. அதற்கு முன்பே, 1957-இல் ராஜா பினய் குமார் சகஸ் ராய் என்பவரின் சால் மரக்காடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. நிலத்தை உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை உழைப்பு அந்த நிலத்தின் மீதே நடந்திருக்க வேண்டும். நிலத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு தொழில் விவசாயம் ஆகிவிடாது என்பது அதன் சாரம்.

இதைத் தோப்பில் வைத்துப் பாருங்கள். ஒரே தென்னை மரம். மரத்தின் காய் தோப்புக்காரருக்கு. அவருக்கு அதில் எத்தனை லட்சம் வந்தாலும் வருமான வரி இல்லை. அதே மரத்தின் பாளையிலிருந்து தேனீ கொண்டுவந்த தேன் மாமாவுக்கு. அது விவசாயம் அல்ல, வரிக்கு உட்பட்டது. பாளை விரியும்போது பெண் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதில் தேனீக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது தாவரவியல் முதலாண்டுப் பாடம். தோப்புக்காரரே பெட்டி வைத்த பிறகு குரும்பை உதிர்வது குறைந்திருக்கிறது என்று சொல்லி, இட வாடகையாக ஆண்டுக்கு ஒரு பாட்டில் தேன் மட்டும் வாங்கிக்கொள்கிறார். உழைத்த தேனீ வரிக்குள் வருகிறது. அந்த உழைப்பால் கூடிய தேங்காய் வரிக்கு வெளியே நிற்கிறது!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாதாம் தோட்டக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் லட்சக்கணக்கான தேனீப் பெட்டிகளை வாடகை கொடுத்து வரவழைக்கிறார்கள். அங்கே பல தேனீ வளர்ப்பவர்களுக்குத் தேனைவிட இந்த வாடகையே பெரிய வருமானம். நம் ஊரில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. தேனீ செய்யும் வேலைக்கு விலை என்று ஒன்று இருப்பதாகவே நாம் நினைப்பதில்லை.

அதோடு போகவில்லை. காதி கிராமத் தொழில் ஆணையம் தேனீ வளர்ப்பைக் கிராமத் தொழில் என்கிறது. ‘தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம்’ என்று 2020-இல் ரூ. 500 கோடி ஒதுக்கித் தொடங்கினார்களே, அது வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பெட்டிக்கு மானியம் தருவது தோட்டக்கலைத் துறை. கொடுக்கும்போது விவசாயம், கேட்கும்போது மட்டும் விவசாயம் அல்ல! இதைத்தான் தொடக்கத்தில் இரு கைகள் என்று சொன்னேன். 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றினார்கள். பழைய இலக்கணத்தைத் திருத்த நல்ல வாய்ப்பு அது. திருத்தவில்லை.

மாமாவைப் பொறுத்தவரை நடைமுறையில் கவலை இல்லை. அவருடைய ஓய்வூதியத்தோடு தேன் பணத்தைச் சேர்த்தாலும், 2025 ஏப்ரல் முதல் புதிய முறையில் வரி தொடங்கும் அடிப்படை அளவான ரூ. 4 லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் நல்ல சம்பளம் வாங்கும் ஒருவர் பொழுதுபோக்காக இரண்டு பெட்டி வைத்து ரூ. 6,000 சம்பாதித்தால், அதையும் கணக்கில் காட்டி வரி கட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு ஓர் எளிய வழி செய்திருக்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல், இப்படிப்பட்ட சில்லறை விற்பனை ஆண்டுக்கு 1,000 பவுனைத் தாண்டாவிட்டால், பெரும்பாலும் வரித்துறைக்குத் தெரிவிக்கவே வேண்டியதில்லை.

என் தோழி இதை ஏற்கவில்லை. ‘தையல் மிஷினில் சம்பாதிப்பவளும் முறுக்கு சுட்டு விற்பவளும் வரிக்கு உட்பட்டவர்கள்தானே? தேனீக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? கணக்கில் வராதவனுக்குக் கடனும் கிடைக்காது, நட்டம் வந்தால் கேட்க நாதியும் இருக்காது’ என்றாள். இதைத் தள்ளிவிட முடியாது. 1991-92-இல் தாய்லாந்து பைக்குருதி நோய் என்னும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. ரப்பர் மரத் தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பகுதியில் குடும்பம் குடும்பமாக அதில் அடிபட்டார்கள். அப்படி ஒரு நோய் மறுபடி வந்தால், எத்தனை பெட்டி இருந்தது என்று காட்ட ஒரு தாளாவது வேண்டாமா? தேசியத் தேனீ வாரியம் 2021-இல் ‘மதுகிராந்தி’ என்ற பதிவுத் தளத்தைத் தொடங்கியது. பதிவு என்பது வேறு, வரி என்பது வேறு. முதலாவதை வரவேற்கிறேன்.

வரி பற்றி என் முடிவு இதுதான். தேனை எண்ணுவது கடினம். பெட்டியை எண்ணுவது எளிது. ஐம்பது பெட்டிவரை வைத்திருப்பவரிடம் எந்த வரியும் கேட்கக்கூடாது. பெட்டிக் கணக்கை மட்டும் கேட்கலாம். நூற்றுக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றிப் பூவைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர் வணிகர். அவர் மற்ற வணிகர்களைப் போலக் கட்டட்டும். இன்னொன்று, சீட்டு ஒட்டிய தேனுக்கு வரி, ஒட்டாத தேனுக்கு வரியில்லை என்ற விதி எனக்குப் பிடிக்கவில்லை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக வெளியிட்டது. கலப்படம் இந்த அளவுக்கு இருக்கும் நாட்டில், எடுத்தவர் யார், எப்போது எடுத்தது, எடை எவ்வளவு என்று துணிந்து எழுதி ஒட்டுபவரை அல்லவா நாம் ஊக்கப்படுத்த வேண்டும்?

மாமாவின் கதைக்கு வருகிறேன். ரூ. 525 கணக்கை ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். கடைக்காரர் தம் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாராம். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, ‘சரியாத்தான் இருக்குது’ என்றாராம். ‘யார் போட்ட கணக்கு?’ என்று கேட்டதற்கு மாமா என்ன சொன்னார் என்பதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்காரர் பத்துப் பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டார். விற்றால் பணம், இல்லாவிட்டால் பாட்டில் திரும்பி வரும். இதை எழுதும் நாள்வரை ஆறு விற்றிருக்கிறது.