வாய்வழி போனது வாய்வழியே வரணும்

ஈப்போவிலிருந்து தைப்பிங் போகிற நாம் பலரும் ஏரிப்பூங்காவோடு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை பேராக் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1883-இல் தொடங்கிய இது, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். தொடங்கியவர் ஹியூ லோ. கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்த அதே ரெசிடெண்ட்தான். நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டத்துக்கு இழுத்து வந்த மரம் அது.

அங்கே பழைய ஆயுதங்களின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1875-இல் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டுப் போர் மூண்டது. மலாய் வீரர்கள் லேலா எனும் சிறு பீரங்கிகளை வைத்திருந்த காலம் அது. மருந்து, துணி அடைப்பு, குண்டு எல்லாமே வாய்வழியாகத்தான் உள்ளே போகும், பின்பக்கம் திறக்காது.

நடுவில் சிக்கிக்கொண்டால்? இன்னொரு வேட்டு வைத்துத் தள்ளினால் குழலே வெடிக்கும். விவரம் தெரிந்தவர் முதலில் பற்றவைக்கும் துளைவழியே தண்ணீர் விட்டு மருந்தை நனைப்பார். நீண்ட கோலை விட்டு அளப்பார். அது அடிவரை போகாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பிறகு திருகுக் கம்பி பொருத்திய கோலால் அடைப்பைக் கொக்கிபோல் பற்றி இழுப்பார்.

ஆண்டுகள் பல ஆனாலும் மருந்தை நம்ப முடியாது. 2013-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் 18-ஆம் நூற்றாண்டு பீரங்கியைச் சுத்தம் செய்தபோது, மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்தன. போலீசார் வந்துதான் மருந்தை அகற்றினார்கள்.

நம் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஜப்பானியர் காலம், அவசரகாலம் இரண்டையும் பார்த்த மண் இது. புரட்டும்போது துருப்பிடித்த குழலோ குண்டோ தென்பட்டால், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள். கோல் விட்டுப் பார்ப்பது நம் வேலையல்ல.