கடல் கடந்த தம்பதியர்

காரமடையில் வாழ்வோர்க்குக் கடல் என்பது கேள்விச் செய்திதான். தலை நிமிர்ந்தால் நீலகிரி மலை. ஆறு காண வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் சென்று பவானியைக் காணலாம். என் மனைவி கடலைக் கண்டது ஒரே ஒரு முறை, சென்னைக் கடற்கரையில். காலை நனைத்துவிட்டு உடனே மணலுக்கு ஓடிவந்துவிட்டாள்.

சென்ற ஆண்டு கோவையிலிருந்து உம்ராவுக்குப் புறப்படவிருந்த ஒரு குழுவினர், அமல்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். என் செலவு அவர்களுடையது. செய்தியைக் கேட்ட என் மனைவி, "தையல் காசு சேர்த்து வெச்சிருக்கேனுங்க. நானும் வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்கு முழங்கால் வலி. குன்னூர் மலைப்பாதையில் பேருந்து திரும்பினாலே தலை சுற்றும். "உன்னால் முடியாதம்மா. தவாஃபும் ஸஃயும் விளையாட்டல்ல. நான் போய் உனக்கும் சேர்த்து துஆ கேட்டு வருகிறேன்" என்றேன். "சரிங்க" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் "சரிங்க"வைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆண்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது.

மாலையில் பெண் குழந்தைகளுக்கு எங்கள் வீட்டு முன்னறையில்தான் ஓதிக்கொடுக்கிறேன். அந்த வாரப் பாடம் உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாறு. மதீனத்து அன்ஸாரிப் பெண்மணி. அனஸ் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரி. ஒருநாள் அவர்களுடைய இல்லத்தில் கண்ணயர்ந்த நபி (ஸல்) அவர்கள் புன்னகையுடன் விழித்தார்கள். தம் உம்மத்தினரில் ஒரு கூட்டத்தார் அரியணையில் வீற்றிருக்கும் அரசர்களைப் போலக் கடல்மீது செல்வது தமக்குக் காட்டப்பட்டதாகக் கூறினார்கள். அக்கூட்டத்தில் தாமும் இருக்க துஆச் செய்யுமாறு உம்மு ஹராம் வேண்ட, நபியவர்களும் அவ்வாறே செய்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

எண்ணிப் பாருங்கள். மதீனாவும் நம் ஊரைப் போலக் கடலில்லாத ஊர். பேரீச்சந்தோப்பும் கிணற்று நீரும்தான். அங்கே வாழ்ந்த ஒரு பெண் கடற்பயணத்தில் தமக்கும் ஓர் இடம் கேட்டார்கள்.

அவர்களுடைய கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி), அகபாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 தலைவர்களுள் ஒருவர். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஷாம் நாட்டு மக்களுக்குக் குர்ஆன் கற்பிக்க அனுப்பப்பட்டு, ஹிம்ஸ் பெருநகரில் தங்கினார்கள். ஆக, அவர்களும் ஓதிக்கொடுத்தவர்கள்தாம். (ஒப்பிடும் துணிச்சலை அல்லாஹ் மன்னிப்பானாக!) ஹிம்ஸைச் சார்ந்த கடற்கரையில் தம்பதியர் இருவரும் குடியிருந்ததைக் கண்டவர் சொன்ன செய்தியும் ஹதீஸில் உண்டு.

கடற்படை அனுப்ப உமர் (ரலி) அவர்கள் இசையவில்லை; ஷாமின் ஆளுநர் முஆவியா (ரலி) கேட்டும் மறுத்துவிட்டார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதித்தபோது, எவரையும் வற்புறுத்தி அழைத்துச் செல்லலாகாது என்றும், முஆவியா தம் மனைவியையும் கப்பலில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்றும் நிபந்தனை விதித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பயணத்தின் பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் உண்டா? ஹிஜ்ரி 28 (கி.பி. 649) அளவில் முஸ்லிம்களின் முதல் கடற்படை மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவை நோக்கிப் புறப்பட்டது. முஆவியாவின் மனைவியும் சென்றார். உபாதாவின் மனைவியும் சென்றார்கள்.

இவ்விடத்தில் ஒரு சிறுமி எழுந்து, "ஹஜ்ரத், அப்போ அவங்களுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள்.

கல்லூரியில் மூன்றாண்டுகள் வரலாறு படித்தவன் நான். இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. கரும்பலகையில் போட்டேன். உம்மு ஹராமின் முந்தைய கணவரும் மகன் கைஸும் ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் ஷஹீதானவர்கள் என்பர். 15 வயது நிரம்பாத சிறுவர்களை நபியவர்கள் அப்போருக்கு ஏற்கவில்லை. அப்படியானால் தாய்க்கு அன்று 30க்குக் குறையாது. அதன்மேல் 25 ஆண்டுகள். எப்படிக் கூட்டினாலும் 55க்குக் கீழே வரவில்லை.

"எங்க அம்மாச்சி வயசு!" என்றாள் அச்சிறுமி. உள்ளறைத் திரை அசைந்ததைக் கண்டேன். என் மனைவிக்கு வயது 41.

கடலைக் கடந்து கரையேறிய பின், உம்மு ஹராம் (ரலி) ஏறிய வாகனப் பிராணி அவர்களைக் கீழே தள்ளிவிட்டது, அதிலேயே வஃபாத்தானார்கள். சைப்ரஸின் லார்னகா நகருக்கருகே உப்பேரிக் கரையில் அவர்களுடைய அடக்கவிடமும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவ்வேரியில் பூநாரைகள் வந்திறங்கும். 1974இல் அத்தீவு இரண்டாகப் பிளவுண்டது. 2003இல் எல்லை வழிகள் திறக்கப்பட்ட பின் வடபகுதி முஸ்லிம்களும் அங்கு வந்துபோகிறார்கள்.

அன்றிரவு சோறு பரிமாறிக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "அந்தம்மாவை அடக்கிட்டு, அவங்க வீட்டுக்காரர் தனியாத்தான் திரும்பினாங்களா?"

"ஆமாம். அதன்பின் ஆறாண்டு போல வாழ்ந்து ஃபலஸ்தீனில் வஃபாத்தானார்கள்."

"கூட்டிட்டுப் போனதுக்கு வருத்தப்பட்டிருப்பாங்களா?"

கையிலெடுத்த கவளம் அப்படியே நின்றது. "எங்கேயாவது விழுந்துவிடுவாயோ என்ற பயம்தான் எனக்கு" என்றேன்.

"அந்தப் பயத்தை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே. முடியாதுன்னு சொன்னீங்க."

மறுவாரம் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். பாஸ்போர்ட் வருவதற்குள் அந்தக் குழு வேறொருவருடன் புறப்பட்டுவிட்டது. இன்னொரு குழுவில் இரண்டு இடம் சொல்லிவைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

இடையில், பயணம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறிக் குன்னூர் வரை போனோம். கல்லாறு தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் என் கையைப் பற்றிக்கொண்டு கண்களை மூடியவள், அடுத்த குகை வழியைக் கடந்ததும் திறந்தாள். குன்னூரில் இறங்கியபோது, குமட்டலுக்கென்று கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை என் சட்டைப் பையில் போட்டு, "வீட்டுக்குப் போய் ஊறுகாய்க்கு ஆகுமுங்க" என்றாள்.